நெட்வொர்க் சிப் பங்குகள்: வாங்கும் முன் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஏஐ பற்றிய பேச்சு தொடங்கியதிலிருந்து பிராட்காம், மார்வெல், கிரெடோ போன்ற பெயர்கள் நம் ஊர் முதலீட்டாளர்கள் வாயிலும் அடிபடுகின்றன. "இந்த சிப் கம்பெனிகளை வாங்கலாமா?" என்று நண்பர்கள் கேட்கும்போதெல்லாம் துண்டு துண்டாகச் சொன்ன பதில்களை இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். நான் பதிவு பெற்ற முதலீட்டு ஆலோசகர் இல்லை. இந்தத் துறை நிறுவனங்களின் ஆண்டறிக்கைகளைப் பல வருடங்களாக விடாமல் படித்துவரும் ஒரு சிறு முதலீட்டாளன், அவ்வளவுதான்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தத் துறையில் தேவை பெருகும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் தேவை பெருகுவது வேறு, உங்கள் பங்கின் மதிப்பு பெருகுவது வேறு. இரண்டுக்கும் நடுவில் வாடிக்கையாளர் நிற்கிறார். சிப் எவ்வளவு வேகமானது என்று கேட்பதற்கு முன், அதை யார் வாங்குகிறார்கள், நாளைக்கே அவர்கள் வேறு கடைக்குப் போக முடியுமா என்று கேளுங்கள்.

நெட்வொர்க் சிப் என்றால் எது? போனில் இருக்கும் வைஃபை சிப்பா?

அதுவும் ஒரு வகைதான். ஆனால் பங்குச் சந்தையில் இன்று பேசப்படுவது பெரும்பாலும் டேட்டா சென்டருக்குள் இருக்கும் சிப்கள்.

ஆயிரக்கணக்கான சர்வர்களை ஒன்றோடொன்று இணைக்கும் பெட்டிக்கு ஸ்விட்ச் என்று பெயர். அதன் நடுவே இருக்கிற ஸ்விட்ச் சிப், வந்து விழும் ஒவ்வொரு தகவல் பொட்டலத்தின் முகவரியையும் படித்து, எந்த வழியாக அனுப்புவது என்று முடிவு செய்கிறது. பல வாய்க்கால்கள் சேரும் இடத்தில் மதகு செய்கிற வேலை. பிராட்காமின் டோமஹாக் வரிசை 2014-ல் நொடிக்கு 3.2 டெராபிட் என்ற அளவில் தொடங்கியது. 2025 ஜூனில் வந்த டோமஹாக் 6-ன் அளவு 102.4 டெராபிட். பதினோரு வருடத்துக்குள் 32 மடங்கு. வேறு எந்தப் பொருளிலாவது இப்படி ஒரு வளர்ச்சியை நான் பார்த்திருக்கிறேனா என்று யோசித்துப் பார்க்கிறேன், சட்டென்று எதுவும் நினைவுக்கு வரவில்லை.

அடுத்து, சிக்னலைச் சுமக்கும் சிப்கள். வேகம் கூடக்கூட, செம்புக் கம்பியில் போகும் சிக்னல் சில மீட்டருக்குள்ளேயே தேய்ந்து இரைச்சலோடு கலந்துவிடும். அதைத் திருத்திப் புதுப்பித்து அனுப்ப ஒரு சிப் வேண்டும். ஒளி இழையில் அனுப்புவதாக இருந்தால், மின் சிக்னலை ஒளிக்கு ஏற்றபடி பதப்படுத்த டிஎஸ்பி என்ற சிப் வேண்டும். ஒரு ஸ்விட்சுக்குள் மதகு சிப் ஒன்று இருந்தால், அதில் செருகும் கேபிள்களிலும் ஒளி மாட்யூல்களிலும் இந்தச் சிப்கள் டஜன் கணக்கில் இருக்கும்.

இவை தவிர சர்வரில் செருகும் நெட்வொர்க் கார்டு சிப்கள், லேசர்கள், தொலைத்தொடர்பு கோபுரங்களுக்கான சிப்கள் என்று கிளைகள் உண்டு.

இந்தத் துறையில் யார் யார் இருக்கிறார்கள்?

ஸ்விட்ச் சிப்பில் பிராட்காம் பெரியண்ணன். இன்றைய பிராட்காம் உண்மையில் அவாகோ என்ற நிறுவனம். ஹியூலெட் பேக்கார்டு குடும்பத்தில் பிறந்து, அஜிலென்ட்டிலிருந்து 2005-ல் பிரிந்தது. 2015-ல் 3,700 கோடி டாலருக்கு பழைய பிராட்காமை வாங்குவதாக அறிவித்து, அதன் பெயரையே தனக்கு வைத்துக்கொண்டது. மலேசியாவின் பினாங்கில் பிறந்த ஹாக் டான் அதன் தலைவர்.

மார்வெல் 1995-ல் தொடங்கியது. முதலில் ஹார்டு டிஸ்க் சிப்கள்தான் அதன் பிழைப்பு. 2016-ல் மேட் மர்பி தலைவரான பிறகு கேவியம், இன்ஃபி, இன்னோவியம் என்று வரிசையாக வாங்கி டேட்டா சென்டர் நிறுவனமாகத் தன்னை மாற்றிக்கொண்டது.

என்விடியாவுக்குத் தனியாக ஒரு கேள்வி வைத்திருக்கிறேன். சிறியவர்களில் கிரெடோ, அஸ்டெரா லேப்ஸ், மேகாம், செம்டெக் ஆகியவை அடிக்கடி கேட்கும் பெயர்கள். லேசர், ஒளி மாட்யூல் பக்கம் லூமென்டம், கோஹெரென்ட்.

ஸ்விட்ச் பெட்டி விற்கும் சிஸ்கோ போன்ற பெரிய நிறுவனம் தன் சிப்பைத் தானே செய்துகொள்ளாதா? வெளியில் ஏன் வாங்க வேண்டும்?

நல்ல கேள்வி. இந்தத் துறையின் அடிப்படையே இதில்தான் இருக்கிறது.

ஒரு காலத்தில் சிஸ்கோ, ஜூனிபர் எல்லாரும் தங்கள் முக்கிய சிப்களைத் தாங்களே வடிவமைத்தார்கள். பிறகு வடிவமைப்புச் செலவு ஒவ்வொரு தலைமுறைக்கும் ஏறிக்கொண்டே போனது. பலருக்கும் விற்கிற பிராட்காம் போன்றவர்களால் அந்தச் செலவைப் பங்கிட முடிந்தது, தன் பெட்டிக்கு மட்டும் சிப் செய்கிறவர்களால் முடியவில்லை. கூகுள், பேஸ்புக் போன்றவர்கள் கடையில் கிடைக்கும் சிப்பை வைத்துத் தங்கள் ஸ்விட்சைத் தாங்களே வடிவமைக்க ஆரம்பித்தார்கள். அரிஸ்டா என்ற நிறுவனம் பிராட்காம் சிப்பையும் தன் மென்பொருளையும் நம்பியே சிஸ்கோவுக்கு எதிரில் கடை விரித்து ஜெயித்தது.

சிஸ்கோ அப்படியே விட்டுவிடவும் இல்லை. 2016-ல் லீபா என்ற இஸ்ரேல் நிறுவனத்தை வாங்கி, 2019 டிசம்பரில் சிலிக்கான் ஒன் என்ற சொந்தச் சிப்பைக் கொண்டுவந்தது. அதை மற்றவர்களுக்கும் விற்கிறது. ஆகவே வாடிக்கையாளர் போட்டியாளராக மாறுவது இங்கே நிஜமாக நடக்கிற விஷயம். 2013-ல் ஈசிசிப் என்ற நிறுவனம் இதை அனுபவித்தது. அதன் பெரிய வாடிக்கையாளர் சிஸ்கோ. அந்த சிஸ்கோ ஒரு புதிய சொந்தச் சிப்பை அறிவித்ததும் ஈசிசிப் பங்கு சரிந்தது. கடைசியில் மெல்லனாக்ஸ் என்ற இன்னொரு நெட்வொர்க் சிப் நிறுவனம் அதை வாங்கியது.

ஏஐ வந்ததும் நெட்வொர்க்குக்கு ஏன் இவ்வளவு கிராக்கி?

ஒரு பெரிய ஏஐ மாதிரியைப் பயிற்றுவிக்க ஆயிரக்கணக்கான சிப்கள் சேர்ந்து வேலை செய்கின்றன. ஒவ்வொரு சுற்றிலும் அவை தங்கள் கணக்கை மற்றவற்றோடு பகிர்ந்துகொள்ள வேண்டும். ஒரு தகவல் தாமதமானால் மற்ற எல்லாச் சிப்களும் அதற்காகக் காத்திருக்கும். நாற்று நடவில் ஒருவர் பின்தங்கினால் வரிசை முழுவதும் நிற்குமே, அது மாதிரி. காத்திருக்கும் ஒவ்வொரு நொடியும் விலை உயர்ந்த சிப் சும்மா இருக்கும் நொடி என்பதால், வேகமான நெட்வொர்க்குக்குக் கூடுதல் காசு கொடுக்க வாங்குபவர்கள் தயங்குவதில்லை.

மெல்லனாக்ஸ் நிறுவனத்தை என்விடியா வாங்கிய கதையிலேயே இது தெரியும். 2019-ல் அறிவித்து 2020 ஏப்ரலில் முடித்த அந்த வாங்கலுக்கு ஆன செலவு சுமார் 700 கோடி டாலர். 2025 ஜனவரியில் முடிந்த நிதியாண்டில் மட்டும் என்விடியாவின் நெட்வொர்க் வருவாய் சுமார் 1,300 கோடி டாலர். ஒரே வருடத்து விற்பனை, வாங்கிய விலையைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. சிப் துறை வரலாற்றின் மிக நல்ல வாங்கல்களில் இதுவும் ஒன்று என்பது என் எண்ணம்.

2000-ல் இந்தப் பங்குகள் நொறுங்கின என்கிறார்களே, என்னதான் நடந்தது?

இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். இன்று பங்கு வாங்கும் இளைஞர்கள் பலர் அப்போது பிறந்திருக்கவே மாட்டார்கள்.

1990-களின் கடைசியில் இணையப் போக்குவரத்து வேகமாகப் பெருகியது. தொலைத்தொடர்பு நிறுவனங்கள் கடன் வாங்கி நாடு முழுவதும் ஒளி இழை புதைத்தன. சிஸ்கோவும் நார்ட்டெலும் லூசென்ட்டும் அவர்களுக்குப் பெட்டி விற்றன. அந்தப் பெட்டிகளுக்குச் சிப் விற்ற பிஎம்சி-சியரா, விட்டெஸ், அப்ளைடு மைக்ரோ சர்க்யூட்ஸ் ஆகியவை சந்தையின் செல்லப் பிள்ளைகளாக இருந்தன. பிஎம்சி-சியரா பங்கு 2000-ல் 200 டாலரைத் தாண்டியது. அப்ளைடு மைக்ரோ அதே வருடம் தன் பங்குகளையே விலையாகக் கொடுத்து எம்எம்சி நெட்வொர்க்ஸ் நிறுவனத்தைச் சுமார் 450 கோடி டாலருக்கு வாங்கியது.

பிறகு கடன் வற்றியது. புதைத்த இழையில் பெரும்பகுதி வெளிச்சமே காணாமல் கிடந்தது. 2001-ல் சிஸ்கோ விற்க முடியாத சரக்குக்காக 220 கோடி டாலருக்கு மேல் கணக்கிலிருந்து தள்ளுபடி செய்தது. பெட்டி விற்பவரிடமே அவ்வளவு தேங்கினால், அவருக்குச் சிப் விற்றவர் நிலை என்ன? ஆர்டர் பாதியாகக்கூட இல்லை, பல இடங்களில் நின்றே போனது. எம்எம்சிக்குக் கொடுத்த பெரும் தொகையும் அப்ளைடு மைக்ரோவின் கணக்கிலிருந்து நஷ்டமாகக் கழிந்தது.

அதற்கப்புறம் அந்த மூன்றும் எங்கே போயின? விட்டெஸை 2015-ல் மைக்ரோசெமி சுமார் 39 கோடி டாலருக்கு வாங்கியது. பிஎம்சி-சியராவையும் அதே மைக்ரோசெமி 2016-ல் பங்குக்கு 12 டாலர் அளவில் வாங்கியது. அப்ளைடு மைக்ரோ 2017-ல் மேகாமிடம் போனது, விலை சுமார் 77 கோடி டாலர்.

இதில் நான் கவனிக்கச் சொல்வது ஒன்று உண்டு. இணையப் போக்குவரத்து 2001-க்குப் பிறகும் குறையவில்லை. வருடா வருடம் ஏறிக்கொண்டேதான் இருந்தது. 2000-ல் முதலீட்டாளர்கள் சொன்ன கதை முழுக்க உண்மையாகிவிட்டது. அந்தக் கதையை நம்பிப் பங்கு வாங்கியவர்களுக்குத்தான் காசு திரும்பவில்லை. சிஸ்கோ போன்ற பலமான, லாபம் ஈட்டும் நிறுவனத்தின் பங்கு கூட 2000 மார்ச்சில் தொட்ட உச்சத்தை மறுபடி தாண்டியது 2025 டிசம்பரில்தான். கால் நூற்றாண்டு.

அப்படியானால் இன்றைய ஏஐ அலையும் அதே மாதிரி முடியுமா?

அப்படியே முடியும் என்று சொல்ல மாட்டேன். அன்று வாங்கியவர்கள் கடனாளித் தொலைத்தொடர்பு நிறுவனங்கள். இன்று வாங்குபவர்கள் மைக்ரோசாஃப்ட், அமேசான், கூகுள், மெட்டா. இவர்களுக்குச் சொந்தத் தொழிலிலிருந்தே பணம் கொட்டுகிறது. அன்று புதைத்த இழை இருட்டாகக் கிடந்தது, இன்று வாங்கும் சிப் வந்த நாளிலிருந்து ஓடுகிறது. சிப் நிறுவனங்களும் அன்று போல வெறும் நம்பிக்கையை விற்கவில்லை, உண்மையான லாபம் வருகிறது.

ஆனால் ஒரு விஷயம் அப்படியே இருக்கிறது, அதைப் பார்த்தால்தான் எனக்குக் கவலை. வாங்குபவர்கள் விரல் விட்டு எண்ணக்கூடிய சிலர். அவர்களில் இருவர் ஒரே சமயத்தில் "அடுத்த வருடம் கொஞ்சம் மெதுவாகப் போவோம்" என்று முடிவு செய்தால் போதும். கொஞ்ச காலமாகச் சில இடங்களில் கடன் வாங்கி டேட்டா சென்டர் கட்டுவதும் தொடங்கியிருக்கிறது. 2000-த்தைப் பார்த்தவர்கள் அந்தச் செய்திகளை மட்டும் தனியாக எடுத்து வைத்துப் படிப்பது நல்லது.

2025 ஜனவரி 27 அன்று ஒரு முன்னோட்டம் பார்த்தோம். சீனாவின் டீப்சீக் குறைந்த செலவில் ஏஐ மாதிரி செய்ததாகச் செய்தி பரவியதும் பிராட்காம் ஒரே நாளில் சுமார் 17 சதவீதமும் மார்வெல் சுமார் 19 சதவீதமும் விழுந்தன. எந்த ஆர்டரும் ரத்தாகவில்லை. வாங்குபவர்கள் மனம் மாறலாம் என்ற எண்ணமே அவ்வளவு செய்தது.

ஒரே வாடிக்கையாளரை நம்பியிருக்கும் நிறுவனம் என்றால் என்ன ஆபத்து? பெரிய வாடிக்கையாளர் இருப்பது நல்லதுதானே?

நல்லதுதான், அவர் இருக்கும் வரை. ஒரே கண்மாயை நம்பிய ஊர் மாதிரி. நீர் இருக்கும் வருடம் அந்த ஊர் மாதிரி செழிப்பு வேறெங்கும் இருக்காது.

கிரெடோ கதை நல்ல பாடம். 2022 ஜனவரியில் 10 டாலருக்குச் சந்தைக்கு வந்தது. இரண்டு முனையிலும் சிப் வைத்த செம்புக் கேபிள்கள் அதன் சிறப்பு. சில மீட்டர் தூரத்துக்கு ஒளி இழையைவிடக் குறைந்த மின்சாரத்தில் ஓடும், அடிக்கடி பழுதாகாது. உண்மையிலேயே நல்ல பொருள். 2023 பிப்ரவரியில், தன் மிகப்பெரிய வாடிக்கையாளர் தேவையைக் குறைத்துவிட்டதாக அறிவித்தது. ஒரே நாளில் பங்கு ஏறக்குறைய பாதி போனது. பொருளில் ஒரு குறையும் இல்லை, தொழில்நுட்பத்தில் யாரும் முந்தவும் இல்லை. அப்புறம் இன்னொரு பெரிய வாடிக்கையாளர் பெரிய அளவில் வாங்கத் தொடங்க, 2025-ல் அதே பங்கு 100 டாலரைத் தாண்டியது. அப்போதும் வருவாயில் பாதிக்கு மேல் ஒரே இடத்திலிருந்துதான் வந்தது.

அகேசியாவையும் சொல்ல வேண்டும். தொலைதூர ஒளி இழைக்கான சிப்களிலும் மாட்யூல்களிலும் முன்னணி நிறுவனம். 2016 மே மாதம் 23 டாலருக்குச் சந்தைக்கு வந்து, சில மாதங்களில் 100 டாலரைத் தாண்டியது. அதன் பெரிய வாடிக்கையாளர்களில் ஒன்று சீனாவின் தொலைத்தொடர்புக் கருவி நிறுவனமான இசட்டிஈ. 2018 ஏப்ரலில் இசட்டிஈக்கு அமெரிக்க நிறுவனங்கள் எதையும் விற்கக் கூடாது என்று அமெரிக்க அரசு தடை போட்டது. ஒரே நாளில் அகேசியா பங்கில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் காணாமல் போனது. வாடிக்கையாளர் மனம் மாறக்கூட வேண்டியதில்லை, நாடுகளுக்கு இடையிலான அரசியல் மாறினாலே போதும்.

நானும் இந்த மாதிரி ஒரு சிறிய நிறுவனத்தின் பங்கில் கையைச் சுட்டுக்கொண்டேன். பெயர் இங்கே வேண்டாம். பொருளைப் பற்றி அத்தனை கட்டுரைகள் படித்தேன், ஆண்டறிக்கையின் வாடிக்கையாளர் பக்கத்தை மட்டும் படிக்கவில்லை. அமெரிக்கப் பங்கு நிறுவனங்கள் 10-கே என்ற ஆண்டறிக்கையில், வருவாயில் 10 சதவீதத்துக்கு மேல் தரும் வாடிக்கையாளர்கள் எத்தனை பேர், எவ்வளவு சதவீதம் என்று சொல்லியாக வேண்டும். பல நேரம் பெயர் இருக்காது, "வாடிக்கையாளர் அ", "வாடிக்கையாளர் ஆ" என்றுதான் இருக்கும். சதவீதம் கட்டாயம் இருக்கும். இந்தத் துறையில் நான் முதலில் திறக்கும் பக்கம் இப்போது அதுதான்.

மார்வெல் லாபத்தில் இருக்கிறதா, நஷ்டத்தில் இருக்கிறதா? இரண்டு மாதிரியும் படிக்கிறேனே?

2025 தொடக்கத்துக் கணக்கு வரை இரண்டுமே சரி. 2025 பிப்ரவரி தொடக்கத்தில் முடிந்த நிதியாண்டில் மார்வெல் வருவாய் சுமார் 577 கோடி டாலர். கணக்கியல் விதிப்படி நிகர நஷ்டம் 88 கோடி டாலருக்கு மேல். நிறுவனம் "சரிசெய்யப்பட்ட" கணக்கு என்று தனியாகச் சொல்வதில் நல்ல லாபம்.

இந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது? இன்ஃபியைச் சுமார் 1,000 கோடி டாலருக்கும் கேவியத்தைச் சுமார் 600 கோடி டாலருக்கும் வாங்கினார்கள். அந்த விலையில் கணிசமான பகுதி, வாங்கிய தொழில்நுட்பத்தின் மதிப்பாகக் கணக்கில் ஏறி, வருடா வருடம் கொஞ்சம் கொஞ்சமாகச் செலவாகக் கழிகிறது. பணம் ஏற்கெனவே போய்விட்டது, இப்போது கையிலிருந்து எதுவும் போவதில்லை. ஆகவே இதை ஒதுக்கிப் பார்ப்பதில் ஓரளவு நியாயம் இருக்கிறது.

இன்னொன்று, ஊழியர்களுக்குச் சம்பளத்தின் ஒரு பகுதியாகக் கொடுக்கும் பங்குகள். இதையும் நிறுவனங்கள் ஒதுக்கிவிட்டு லாபம் காட்டுகின்றன. இதை நான் ஒப்புக்கொள்வதில்லை. பொறியாளருக்குப் பங்காகக் கொடுத்தாலும் காசாகக் கொடுத்தாலும் அது சம்பளம்தான். அந்தப் பங்குகளின் எண்ணிக்கை ஏறஏற நிறுவனத்தில் உங்கள் பங்கின் அளவு கரைகிறது. சரிசெய்யப்பட்ட லாபத்தை எடுத்து, அதிலிருந்து இந்தத் தொகையை மட்டும் திரும்பக் கழித்துப் பாருங்கள். எனக்குத் தெரிந்த வரை உண்மைக்கு நெருக்கமான எண் அதுவே.

பிராட்காம் வாங்கினால் நெட்வொர்க் சிப் வாங்கிய மாதிரிதானே?

முழுவதும் இல்லை. 2024 நிதியாண்டில் அதன் வருவாய் சுமார் 5,160 கோடி டாலர். அதில் சுமார் 2,150 கோடி டாலர் மென்பொருள். 2023 நவம்பரில் விஎம்வேரை வாங்கி முடித்ததன் விளைவு அது. ஏஐ வருவாய் என்று அந்த வருடம் சொன்ன 1,220 கோடி டாலரிலும் கூகுள் போன்றவர்களுக்காகச் செய்து தரும் தனிப்பயன் ஏஐ சிப்கள் பெரிய பகுதி. ஸ்விட்ச் சிப் ஒரு துண்டு மட்டும், ஆனால் லாபம் மிகுந்த துண்டு. தூய நெட்வொர்க் பங்கு வேண்டும் என்று தேடுபவர்களுக்கு பிராட்காம் ஏமாற்றமாக இருக்கலாம். ஒரு வாடிக்கையாளர் போனாலும் உட்கார்ந்துவிடாத நிறுவனம் வேண்டும் என்றால், இந்தக் கலவையே அதன் பலம்.

2022-ல் சிப் கிடைக்கவில்லை என்றார்கள், 2023-ல் தேங்கிவிட்டது என்றார்கள். எதை நம்புவது?

இரண்டும் ஒரே விஷயத்தின் இரண்டு முனைகள். 2021, 2022-ல் சிப் பஞ்சம். ஒரு வருடம் காத்திருந்தால்தான் சரக்கு வரும் என்ற நிலை. கடைக்காரர்கள் தீபாவளிக்கு முன்னால் செய்வது போல, எல்லாரும் தேவைக்கு மேல் ஆர்டர் போட்டு வைத்தார்கள். சரக்கு வந்து சேர்ந்ததும் கிடங்கு நிறைந்துவிட்டது, புது ஆர்டர் நின்றது. 2023 நவம்பரில் சிஸ்கோ, வாடிக்கையாளர்கள் ஏற்கெனவே வாங்கிய பெட்டிகளைப் பொருத்துவதிலேயே மும்முரமாக இருக்கிறார்கள் என்று சொல்லி விற்பனைக் கணிப்பைக் குறைத்தது. பங்கு ஏறக்குறைய 10 சதவீதம் விழுந்தது.

அதே காலத்து மார்வெலைப் பாருங்கள். டேட்டா சென்டர் பிரிவு ஏஐயால் பறக்கிறது, அலுவலக நெட்வொர்க் பிரிவு ஒரு வருடத்தில் பாதியாகச் சுருங்குகிறது, தொலைத்தொடர்பு பிரிவு அதைவிட மோசம். ஒரே கூரைக்கு அடியில் அடைமழையும் வறட்சியும். மொத்த வருவாயை மட்டும் பார்த்தவர்களுக்கு இது தெரிந்திருக்காது.

நிறுவனத்தின் இருப்புநிலைக் குறிப்பில் சரக்கு இருப்பு விற்பனையைவிட வேகமாக ஏறுகிறதா என்று பாருங்கள். ஏறினால் தலைமை என்ன விளக்கம் தருகிறது என்று கேளுங்கள். "புதுப் பொருள் வெளியீட்டுக்குத் தயாராகிறோம்" என்பது சில நேரம் உண்மை.

என்விடியா எல்லாவற்றையும் சேர்த்தே விற்கிறதே, மற்றவர்களுக்கு இடம் இருக்குமா?

இருக்கும் என்றே நினைக்கிறேன். என்விடியாவிடம் இன்ஃபினிபேண்ட் என்ற தனி வகை நெட்வொர்க் இருக்கிறது, மெல்லனாக்ஸிலிருந்து வந்தது. ஏஐ சிப்பும் நெட்வொர்க்கும் ஒரே கையில் இருப்பது வாங்குபவர்களுக்கு வசதி, அதே சமயம் பயமும். அந்தப் பயத்தில்தான் 2023-ல் பிராட்காம், ஏஎம்டி, சிஸ்கோ, அரிஸ்டா, மெட்டா, மைக்ரோசாஃப்ட் எல்லாரும் சேர்ந்து, யார் வேண்டுமானாலும் பயன்படுத்தக்கூடிய பொது நெட்வொர்க் முறையான ஈதர்நெட்டை ஏஐக்கு ஏற்றபடி மேம்படுத்த அல்ட்ரா ஈதர்நெட் கூட்டமைப்பைத் தொடங்கினார்கள். 2025 ஜூனில் அதன் முதல் விதிமுறை வெளிவந்தது. என்விடியாவும் ஸ்பெக்ட்ரம்-எக்ஸ் என்ற பெயரில் ஈதர்நெட் விற்கிறது என்பதிலிருந்தே காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று தெரியும்.

ஆனால் பெரிய நிறுவனம் நுழைந்தால் ஜெயித்துவிடும் என்றும் எண்ண வேண்டாம். இன்டெல் 2019-ல் பேர்ஃபுட் என்ற ஸ்விட்ச் சிப் நிறுவனத்தை வாங்கியது. பொறியாளர்கள் கொண்டாடிய சிப் அது. 2023 ஜனவரியில் அந்தப் பிரிவில் இனி முதலீடு செய்வதில்லை என்று அறிவித்துவிட்டது.

சிப்புக்குப் பக்கத்திலேயே ஒளியைக் கொண்டுவரும் புது முறை வந்தால் யாருக்கு அடி?

இப்போது ஒளி மாட்யூல் தனியாக ஸ்விட்சின் முகப்பில் செருகப்படுகிறது. அதற்குள் டிஎஸ்பி சிப் இருக்கிறது. ஒளிப் பகுதியை ஸ்விட்ச் சிப்போடு ஒரே பொதியில் வைத்துவிட்டால் மின் சிக்னல் போகும் தூரம் மிகவும் குறையும், மாட்யூலுக்குள் இருந்த டிஎஸ்பி தேவைப்படாது, மின்சாரம் கணிசமாக மிச்சம். பிராட்காம் இதைச் சில தலைமுறைகளாகவே முயன்று வருகிறது. என்விடியா 2025 மார்ச்சில் இந்த முறையில் அமைந்த தன் ஸ்விட்சுகளை அறிவித்தது.

அடி என்றால் டிஎஸ்பி விற்பவர்களுக்கு, முக்கியமாக டிஎஸ்பி செய்துவந்த இன்ஃபியை வாங்கிய மார்வெலுக்கு. அதை உணர்ந்துதான் மார்வெல் 2025 டிசம்பரில் ஒளி இணைப்பில் வேலை செய்யும் செலஸ்டியல் ஏஐ நிறுவனத்தை வாங்குவதாக அறிவித்தது. ஆனால் ஒரே இரவில் மாறாது. செருகும் மாட்யூல் கெட்டால் கழற்றிப் புதிது போடலாம். ஒரே பொதிக்குள் இருப்பது கெட்டால் என்ன செய்வது என்ற கேள்விக்கு டேட்டா சென்டர் ஆட்கள் திருப்தியாகும் வரை பழைய முறையும் கூடவே ஓடும்.

சின்ன நிறுவனத்தைப் பெரியது வாங்கிவிடும் என்று நம்பி வாங்கலாமா?

இந்தத் துறையில் அது அடிக்கடி நடக்கிறது, அதனால் ஆசை வருவது இயல்பு. அகேசியா பங்குக்கு முதலில் 70 டாலர் தருவதாகச் சொன்ன சிஸ்கோ, கடைசியில் 2021-ல் 115 டாலர் கொடுத்தது. ஆனால் மேலே சொன்ன விட்டெஸும் பிஎம்சி-சியராவும் கூட "வாங்கப்பட்டவை"தான். வாங்கப்படுவது நடக்கலாம், என்ன விலைக்கு என்பதை நீங்கள் முடிவு செய்ய முடியாது. வேறு யாரும் வாங்காவிட்டாலும் வைத்திருக்கத் தகுந்த நிறுவனமா என்று மட்டும் பாருங்கள்.

சீனா, தைவான் பிரச்சினைகள்?

மேலே சொன்ன பெரிய சிப்கள் அநேகமாக எல்லாமே தைவானின் டிஎஸ்எம்சி ஆலையில் செய்யப்படுபவை. இதற்கு முதலீட்டாளர் செய்யக்கூடியது அதிகம் இல்லை, எல்லாப் பணத்தையும் இங்கேயே போடாமல் இருப்பதைத் தவிர. சீன விற்பனை பற்றி ஒரு குறிப்பு: ஆண்டறிக்கையில் சீனா பங்கு பெரிதாகத் தெரியலாம். பல நேரம் அது சிப் அனுப்பப்பட்ட முகவரிதான். அங்கே பெட்டியில் பொருத்தப்பட்டு அமெரிக்காவுக்கே திரும்பி வரும்.

இந்தியச் சந்தையில் இப்படி ஒரு நிறுவனம் இருக்கிறதா?

இந்த அளவில் இல்லை. தேஜஸ் நெட்வொர்க்ஸ் பட்டியலில் இருக்கிறது. டாடா குழுமத்துக்குச் சொந்தமான அது, சாங்க்யா லேப்ஸ் என்ற பெங்களூரு சிப் வடிவமைப்பு நிறுவனத்தையும் சேர்த்துக்கொண்டது. ஆனால் தேஜஸின் முக்கியத் தொழில் தொலைத்தொடர்புப் பெட்டிகள், பிஎஸ்என்எல் 4ஜி போன்ற ஒப்பந்தங்கள். வாடிக்கையாளர் பற்றி மேலே சொன்னதெல்லாம் அதற்கும் பொருந்தும். சென்னையில் சிஸ்கோ பெட்டிகள் தயாராகின்றன என்ற செய்தியைப் படித்துவிட்டுச் சிலர் குழம்புகிறார்கள். அங்கே நடப்பது பெட்டி தயாரிப்பு, சிப் தயாரிப்பு வேறு.

இந்தியாவிலிருந்து அமெரிக்கப் பங்கு வாங்கும்போது வரி எப்படி?

சுருக்கமாக: ஒரு நிதியாண்டில் ஒருவர் இரண்டரை லட்சம் டாலர் வரை வெளியே அனுப்பலாம். முதலீட்டுக்காக அனுப்பும் தொகை 10 லட்சம் ரூபாயைத் தாண்டினால், தாண்டிய பகுதிக்கு 20 சதவீதம் முன்கூட்டியே பிடிப்பார்கள், வருமான வரியில் கழித்துக்கொள்ளலாம். 24 மாதங்களுக்கு மேல் வைத்திருந்து விற்றால் லாபத்துக்கு 12.5 சதவீத வரி. டிவிடெண்டில் அமெரிக்கா 25 சதவீதம் பிடித்துக்கொள்ளும். ஒரே ஒரு பங்கு வைத்திருந்தாலும் வருமான வரிப் படிவத்தில் வெளிநாட்டுச் சொத்து அட்டவணையில் காட்ட வேண்டும், இதை மறந்து சிக்கலில் மாட்டியவர்கள் உண்டு. 60,000 டாலருக்கு மேல் அமெரிக்கப் பங்கு வைத்திருக்கும் வெளிநாட்டவர் இறந்தால் அமெரிக்காவின் வாரிசுச் சொத்து வரி வரும் என்பதும் பலருக்குத் தெரியாது. பெரிய தொகை என்றால் ஒரு ஆடிட்டரைப் பார்த்துவிடுங்கள்.

வாங்கிய பிறகு காலாண்டுக்கு ஒருமுறை எதைப் பார்ப்பது?

நான் பார்க்கும் வரிசை இது. முதலில் சிப் நிறுவனத்தின் முடிவைப் பார்ப்பதில்லை, அதன் வாடிக்கையாளர்களின் முடிவைப் பார்க்கிறேன். மைக்ரோசாஃப்ட், அமேசான், கூகுள், மெட்டா நாலும் அடுத்த வருட மூலதனச் செலவு பற்றி என்ன சொன்னார்கள் என்பது இந்தச் சிப் நிறுவனங்களுக்கு முன்பே தெரிந்துவிடும் ஜாதகம். பிறகு சிப் நிறுவனத்தின் அறிக்கையில் 10 சதவீத வாடிக்கையாளர் பட்டியல் போன தடவையைவிட நீண்டிருக்கிறதா, சுருங்கியிருக்கிறதா என்று பார்க்கிறேன். நீண்டிருந்தால் விலை விழுந்த நாளிலும் பயப்படாமல் வைத்திருக்கிறேன். சுருங்கியிருந்தால், வருவாய் சாதனை அளவில் இருந்தாலும், கொஞ்சம் விற்று அசலை வெளியே எடுத்துவிடுகிறேன்.